பின் இருக்கையில் ஒரு மதியம்

போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பினார். ஒரே கிராஸ்ஓவர் காரின், அதாவது செடானைவிடக் கொஞ்சம் உயரமான குடும்பக் காரின், இரண்டு ரகங்களுக்கான விலைப்பட்டியல். ஒன்று சாதாரண ஸ்பெக், மற்றது ஹை ஸ்பெக். கீழே ஒரே கேள்வி: "எட்டாயிரம் வெள்ளி கூடப் போட்டு மேல இருக்கிறதை எடுக்கலாமா அண்ணே?" அவருக்கு இது முதல் கார். இரண்டு வயதுப் பையன் இருக்கிறான். மாமனார், மாமியார் சிங்கப்பூரில், செங்காங் வீட்டில் அவர்களோடுதான் இருக்கிறார்கள். 'எடுங்க' என்றோ 'வேண்டாம்' என்றோ ஒரு வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். ஒரு வாரமாகியும் என்னால் போட முடியவில்லை. இதே எட்டாயிரம் வெள்ளிக் கேள்விக்கு நான் ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதில் எங்கள் ஈசூன் பேட்டையின் பலமாடி கார் நிறுத்துமிடத்தில், நான்காவது மாடியில் நிற்கிறது.

2024 தொடக்கத்தில் எங்கள் பழைய செடானுக்குப் பத்தாண்டு முடிய இருந்தது. அதற்கு முந்தைய அக்டோபரில் சிஓஇ, அதாவது பத்தாண்டுக்குக் கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ், சிறிய கார்களுக்கான ஏ பிரிவில் 106,000 வெள்ளியையும் பெரிய கார்களுக்கான பி பிரிவில் 150,001 வெள்ளியையும் தொட்டதைப் பார்த்து வயிறு கலங்கி, கொஞ்சம் இறங்கட்டும் என்று காத்திருந்தோம். இறங்கியதும் ஓடினோம். கார் இல்லாமலே இருந்துவிடலாமா என்றும் பேசினோம். எங்கள் புளோக்கிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் பத்து நிமிட நடை. எனக்கும் மனைவிக்கும் அது ஒன்றுமில்லை. ஆனால் அம்மாவுக்கு அப்போது 73 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தன. சனிக்கிழமையானால் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலுக்குப் போக வேண்டும், அதை மட்டும் அவர் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டார். பழைய செடானில் அவர் இறங்குவதைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கும். இருக்கை தாழ்வு. இரண்டு காலையும் வெளியே வைத்து, கதவின் மேல் விளிம்பைப் பிடித்து, "முருகா" என்று ஒரு மூச்சு விட்டு எழுந்திருப்பார். சில நாள் இரண்டு முறை "முருகா" சொல்ல வேண்டியிருக்கும்.

அதனால்தான் கிராஸ்ஓவர். இந்த ஊரில் பெரும்பாலானவர்கள் அதை வாங்குவதற்கு உண்மையான காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். 1994-இல் டொயோட்டா ரேவ்4 வந்ததிலிருந்து இந்த வகை வண்டிகளை மலை, ஆறு, செம்மண் பாதை என்று காட்டித்தான் விற்றுவருகிறார்கள். நம் தீவின் உயரமான இடமே 164 மீட்டர் புக்கிட் தீமா குன்றுதான். அதன் மேல் யாரும் காரை ஏற்றப் போவதில்லை. நமக்குத் தேவைப்பட்டது தரையிலிருந்து அந்த நாலு விரற்கடை கூடுதல் உயரம். இருக்கை இடுப்பு மட்டத்துக்கு வந்துவிட்டால் உட்காருவது என்பது சும்மா பக்கவாட்டில் சாய்வதுதான். முழங்கால் முழுக்க மடங்க வேண்டியதில்லை. குழந்தையை இருக்கையில் வைத்து வார் மாட்டுகிற இளம் பெற்றோரின் முதுகுக்கும் அதே உயரம்தான் உதவுகிறது. விற்கிற கதை ஒன்று, வாங்குகிற காரணம் வேறொன்று. இந்த இடைவெளியை அன்றைக்கே நான் இன்னும் கவனமாகப் பார்த்திருக்க வேண்டும்.

லெங் கீ ரோடு பக்கம் ஒரு காட்சியறைக்கு நால்வரும் போனோம். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. இதே பேச்சு எல்லாக் காட்சியறையிலும் நடக்கிறது. நடுவில், விளக்குக்குக் கீழே, ஹை ஸ்பெக் கார் நின்றது. 18 அங்குல ரிம், தோல் இருக்கை, முழுக் கூரைக்கும் கண்ணாடி, காலை நீட்டினால் தானாகத் திறக்கும் பின்கதவு, 360 டிகிரி கேமரா, பக்கத்துத் தடத்தில் வண்டி வந்தால் கண்ணாடியில் எரியும் எச்சரிக்கை விளக்கு. சாதாரண ஸ்பெக் ஓரமாக, ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றது. 17 அங்குல ரிம், துணி இருக்கை, இரும்புக் கூரை. நான், மனைவி, மகள் மூவரும் நடுவில் நின்ற காரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அம்மா தூண் பக்கம் போய் அந்தச் சாதாரண காரின் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். கால் வலிக்கிறது, உட்கார இடம் தேடினார் என்று நினைத்தேன். கூப்பிடப் போனபோது இருக்கையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இந்தத் துணி நல்லா இருக்குடா. வெயில்ல நின்னாலும் சுடாது." நான் "சரிம்மா, வாங்க, அதையும் பாருங்க" என்று கையைப் பிடித்து எழுப்பினேன்.

விற்பனையாளர் நல்ல மனிதர், சீன இளைஞர். அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "ஆன்ட்டி, மெதுவாக" என்று கதவைப் பிடித்துக்கொண்டவர் அவர்தான். இரண்டு ரகத்துக்கும் வித்தியாசம் எட்டாயிரம். அவர் கைத்தொலைபேசியில் கணக்குப் போட்டுக் காட்டினார். எட்டாயிரத்தைப் பத்து வருடத்துக்கு வகுத்தால் வருடத்துக்கு எண்ணூறு, ஒரு நாளைக்கு இரண்டு வெள்ளி இருபது காசு. "ஒரு காப்பிக் காசு." மனைவி என்னைப் பார்த்தார். மகள் கண்ணாடிக் கூரை வழியாக மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டேன்.

எட்டாயிரம் சின்னத் தொகையாகத் தெரிவது ஏன்

அந்தக் காப்பிக் கணக்கு தப்பில்லை. ஆனால் அது எடுபட்டதற்குக் காரணம் வேறு. மொத்தத் தொகையில் பாதிக்கும் மேல் சிஓஇக்கும் வரிக்கும் போகிறபோது, எட்டாயிரம் என்பது சில்லறை மாதிரி ஆகிவிடுகிறது. வீட்டில் ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்க முந்நூறு வெள்ளி வித்தியாசத்துக்காக நாலு கடை ஏறி இறங்குகிற மனைவியும் நானும், எட்டாயிரத்துக்கு ஐந்து நிமிடம்கூட யோசிக்கவில்லை. இவ்வளவு கொடுத்தாயிற்று, இதோடு இதுவும் என்று மனம் போய்விடுகிறது. கல்யாண மண்டபத்தில் கடைசி நேரத்தில் பூ அலங்காரத்துக்குத் தலையாட்டுகிற மாதிரி.

பிறகு ஒருநாள் உட்கார்ந்து, அந்த எட்டாயிரம் எங்கே போகிறது என்று கணக்குப் பார்த்தேன். காரின் திறந்த சந்தை மதிப்பு, அதாவது விலைப்பட்டியலில் ஓஎம்வி என்று போடுகிறார்களே, அது 20,000 வெள்ளிக்கும் 40,000-க்கும் நடுவில் இருந்தால், அந்தப் பகுதிக்குக் கூடுதல் பதிவுக் கட்டணம் 140 விழுக்காடு. உதாரணத்துக்கு, மேல் ரகத்தின் வசதிகள் ஓஎம்வியை 2,500 வெள்ளி கூட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 20 விழுக்காடு சுங்கத் தீர்வை 500. இரண்டுக்கும் சேர்த்து 9 விழுக்காடு ஜிஎஸ்டி 270. பதிவுக் கட்டணம் 3,500. ஆக 2,500 வெள்ளிப் பொருள், விற்பவரின் லாபம் சேருவதற்கு முன்பே 6,770 ஆகிவிட்டது. நாங்கள் வாங்கியபோது இருந்த விதிப்படி, பத்தாண்டு முடியும் தறுவாயில் காரை ஒப்படைத்தால் பதிவுக் கட்டணத்தில் பாதி திரும்பும். அதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும், சரி. ஆனாலும் பெரும்பாலான ஊர்களில் ஒரு கண்ணாடிக் கூரைக்கு இந்த விலை கொடுக்க மாட்டார்கள். நாம் வாங்குகிற ஒவ்வொரு வசதியும் தன் எடையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வரியைத் தூக்கிக்கொண்டு வருகிறது.

"விற்கும்போது நல்ல விலை போகும்" என்பதும் இங்கே பாதி உண்மைதான். ஐந்தாறு வருடத்தில் கைமாற்றுகிறவர்களுக்கு மேல் ரகம் ஒரு வேளை உதவும். நாங்கள் பத்து வருடமும் ஓட்டுகிற குடும்பம். கடைசி நாளில் காருக்கு மிஞ்சுகிற மதிப்பு காகித மதிப்பு, அதாவது அரசாங்கம் திருப்பித் தரும் தொகை. அந்தக் காகிதத்தில் கண்ணாடிக் கூரை தனியாக எழுதப்பட்டிருக்காது.

மச்சான் பார்க்கும் கார்

காரைப் பற்றி எனக்குத் தெரிந்தவர்களில் மிகவும் தெளிவாகப் பேசுகிறவர் என் மச்சான், மனைவியின் தம்பி. தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறார். எங்கள் கார் வந்த வாரம் பார்க்க வந்தார். நான் ஓட்டுநர் இருக்கைக் கதவைத் திறந்து "உட்காருங்க" என்றேன். அவர் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தார். முட்டியை முன் இருக்கையில் இடித்துப் பார்த்தார். காலை முன் இருக்கைக்குக் கீழே நுழைத்துப் பார்த்தார். நடுவில் இருந்த ஏசி துவாரத்துக்கு நேரே கையை நீட்டினார். இறங்கி மறுபடி ஏறினார். கடைசியில் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பகல்ல திரையை மூடி வச்சிருங்க மாமா" என்று மட்டும் சொன்னார். அக்கா வீட்டுக்காரர் ஆசையாக வாங்கியதில் அதற்கு மேல் எதுவும் சொல்ல அவருக்கு மனமில்லை. நானும் கேட்கவில்லை. அவருடைய பிழைப்பே பின் இருக்கையில் இருப்பவரின் முகத்தை நம்பி நடக்கிறது. அவர் கார் எடுக்கும்போது பார்ப்பது மூன்றுதான்: பின்னால் குளிர் போகிறதா, மேடுபள்ளத்தில் தூக்கிப் போடுகிறதா, ஏறி இறங்க லேசாக இருக்கிறதா.

மற்ற நண்பர்களிடம் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். இந்த ஊரில் காரின் முதல் வசதி அது எந்த சிஓஇ பிரிவில் வருகிறது என்பதுதான். ஏ பிரிவு என்றால் 1,600 சிசிக்கும் 97 கிலோவாட்டுக்கும் உள்ளே இருக்க வேண்டும், மின்சாரக் கார் என்றால் 110 கிலோவாட். அந்தக் கோட்டுக்குள் வருவதற்காக ஒரே உடம்பில் வலுக் குறைத்த ரகங்களை இங்கே கொண்டுவருகிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். மத்திய விரைவுச்சாலையில் மாலை ஆறு மணிக்குக் கூடுதல் குதிரைச் சக்தியை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. 2024-இல் இங்கே மிக அதிகம் விற்ற பிராண்டுகளில் ஒன்று சீனாவின் பிஒய்டி. அதன் கிராஸ்ஓவர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் பெரிய திரையைப் பற்றித்தான் பத்து நிமிடம் பேசினார். பின்னால் உட்காரும் அவருடைய அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அவர் ஒன்னும் சொல்லலையே" என்றார். எங்கள் வீட்டிலும் அதே நிலைமைதான் இருந்தது.

கண்ணாடிக் கூரை சும்மா ஒரு பகட்டு என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வருடம் தீபாவளிக்கு முந்தைய வாரம் இரவு பத்து மணிக்குக் கூரைத் திரை திறந்திருக்க, சிராங்கூன் ரோட்டில் மெதுவாகப் போனோம். வளைவு வளைவாக விளக்குகள் எங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தன. மகள் இருக்கையில் பாதி படுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் எண்ணினாள். அம்மாவும் அண்ணாந்து பார்த்து, "மயில் மாதிரி இருக்கு" என்றார். அந்த ஐந்து நிமிடத்துக்காக நான் கொடுத்த காசைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. பகலிலும் நான் அந்தத் திரையை மூடவே இல்லை என்பதுதான் பிரச்சினை. காசு கொடுத்து வானத்தை வாங்கியிருக்கிறோம், அதைத் துணியால் மறைப்பதா என்று இருந்தது.

சொட்டு மருந்து போட்ட நாள்

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. வருடம் ஒருமுறை கண் பரிசோதனை. 2025 மார்ச் கடைசி வாரத்தில் கண்ணில் சொட்டு மருந்து போட்டுக் கண்பாப்பாவை விரித்துப் பார்த்தார்கள். சில மணி நேரத்துக்கு ஓட்டக் கூடாது. மனைவி விடுப்புப் போட்டு வந்திருந்தார். தேக்கா ஈரச்சந்தையில் நல்ல முருங்கைக்கீரை வாங்கலாம் என்று அம்மாவும் கூட வந்திருந்தார். திரும்பும்போது மனைவி, "அத்தை முன்னால உட்காரட்டும், நீங்க பின்னால சாஞ்சுக்கிட்டு வாங்க" என்றார். அப்படித்தான், வாங்கிப் பதின்மூன்று மாதம் கழித்து, என் காரின் பின் இருக்கையில், அம்மா எப்போதும் உட்காரும் இடது பக்கத்தில், நான் முதல் முறையாக உட்கார்ந்தேன்.

மணி ஒன்று. நம் ஊரில் கடிகாரம் சூரியனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 1982-இல் நேரத்தை மாற்றியதிலிருந்து உச்சிவேளை என்பது ஏறத்தாழ ஒரு மணிதான். மார்ச் கடைசியிலும் செப்டம்பரிலும் அந்த நேரத்தில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊரில் வெயில் பக்கத்துச் சன்னலைவிடக் கூரை வழியாகத்தான் அதிகம் வரும். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். படித்தது அன்றைக்குத்தான் தலையில் இறங்கியது. கண்ணாடியில் நிறம் ஏற்றியிருக்கிறது, புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது, எல்லாம் சரி. ஆனாலும் நெற்றியில் யாரோ சூடான தோசைக்கல்லைக் கொஞ்ச தூரத்தில் பிடித்துக்கொண்டிருப்பது போல் இருந்தது. விரிந்த கண்ணுக்கு அந்த வெளிச்சம் ஊசி. கண்ணை மூடினாலும் இமைக்குள்ளே சிவப்பு. கருப்புத் தோல் இருக்கை சட்டை வழியாகச் சுட்டது. முன்னால் மனைவியும் அம்மாவும் ஏசிக்கு நேரே உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கம் கூரையின் முன்பகுதி நிழல் இருந்தது. எனக்குக் குளிர் வரவில்லை. நடுவில் இருந்த துவாரத்தைப் பார்த்தேன். மூடியிருந்தது. மூடியவன் நான்.

அதை ஏன் மூடினேன் என்று சொல்ல வேண்டும். கார் வாங்கிய இரண்டாவது சனிக்கிழமையோ மூன்றாவது சனிக்கிழமையோ, கோயிலில் இருந்து திரும்பும்போது உள் கண்ணாடியில் பார்த்தேன். அம்மா முந்தானையை இழுத்துத் தலைமேல் போட்டு, நெற்றி வரைக்கும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவம், அம்மாவுக்குக் குளிருகிறது என்று நினைத்தேன். அடுத்த சிவப்பு விளக்கில் கையைப் பின்னால் நீட்டி அந்தத் துவாரத்தை மூடினேன். அக்கறையோடுதான் மூடினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் தலையை மூடிக்கொண்டுதான் வந்தார். நானும் அம்மாவுக்கு ஏசி ஒத்துக்கொள்வதில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் தாங்காமல் முகத்தை மறைக்க ஏதாவது கிடைக்குமா என்று முன் இருக்கையின் பின்பக்கப் பைக்குள் கையை விட்டேன். மடித்த பழைய பருத்தித் துண்டு ஒன்று இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு காகித விசிறி. கோயில் விழாவில் கொடுப்பார்களே, பெருமாள் படம் போட்டு, பிளாஸ்டிக் கைப்பிடியோடு, அந்த மாதிரி. விளிம்பு நைந்திருந்தது. ஏசி போட்ட காரில், மகன் ஓட்டுகிற காரில், அம்மா விசிறிக்கொண்டு வந்திருக்கிறார். நான் முன்னால் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். அந்த விசிறியை மடியில் வைத்துக்கொண்டு ஈசூன் வரும்வரை நான் ஒன்றும் பேசவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. மருந்து என்று மனைவி நினைத்துக்கொண்டார்.

ராத்திரி சாப்பிட்ட பிறகு கேட்டேன். "ஏம்மா சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? ஆசைப்பட்டு வாங்கியிருக்க. புது வண்டில ஏறி உக்காந்துக்கிட்டுக் குறை சொல்லவா?" கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, நிமிர்ந்து பார்க்காமல், "குளிருதான்னு நீ கேக்கவே இல்லையே. நீயா மூடிட்ட" என்றார்.

அதன் பிறகு

மறுநாள் திரையை மூடினேன். பின் துவாரத்தைத் திறந்து அம்மா பக்கம் திருப்பினேன். இருக்கைக்குப் பருத்தி உறை போட்டோம். செலவு ஐம்பது வெள்ளிகூட இல்லை. காட்சியறையில் அம்மா தடவிப் பார்த்த துணி இருக்கையைத்தான் நான் இப்போது காசு கொடுத்துத் தோலுக்கு மேல் போர்த்தியிருக்கிறேன்.

ரிம் விஷயமும் பின்னால் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. பேட்டைக்குள் நுழையும் இடத்து வேகத்தடையில் கார் ஏறி இறங்கியது முதுகெலும்பில் தட்டியது. முன்னால் இருக்கும்போது கையில் ஸ்டீயரிங் இருக்கிறது, தடை வருவது கண்ணுக்குத் தெரிகிறது, உடம்பு தானாகத் தயாராகிவிடும். பின்னால் இருப்பவருக்கு அந்த முன்னறிவிப்பு கிடையாது. டயரின் பக்கச்சுவரில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்தேன், 225/50. அகலம் 225 மில்லிமீட்டர், அதில் 50 விழுக்காடு பக்கச்சுவரின் உயரம், அதாவது 112 மில்லிமீட்டர் சொச்சம். சாதாரண ரகத்தில் 17 அங்குல ரிம்முக்கு 215/60, பக்கச்சுவர் 129 மில்லிமீட்டர். பதினாறு மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும் குறைந்து அந்த இடத்தில் பளபளப்பான உலோகம் வந்திருக்கிறது. அதைப் பார்த்து ரசிப்பவர் காருக்கு வெளியே நிற்பவர். அம்மா உள்ளே இருக்கிறார். டயர் தேய்ந்ததும் 17-க்கு மாறிவிடலாமா என்று பட்டறையில் கேட்டு வைத்திருக்கிறேன்.

அப்படியானால் மேல் ரகம் வேண்டாம் என்று நண்பருக்கு எழுதியிருக்கலாமே என்றால், அதுவும் முடியவில்லை. எனக்கு உண்மையாகவே கோபம் வருகிற இடம் இது. 360 டிகிரி கேமராவையும் பக்கத்துத் தட எச்சரிக்கையையும் நான் இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நம் பலமாடி நிறுத்துமிடத்தில் கோட்டுக்குக் கோடு 2.4 மீட்டர். கார் 1.8 மீட்டர் அகலம். தூணுக்கும் பக்கத்து வேனுக்கும் நடுவிலிருந்து பின்னால் எடுக்கும்போது, ஸ்கூட்டரில் ஒரு பிள்ளை குறுக்கே வந்ததை அந்தக் கேமராதான் எனக்குக் காட்டியது. என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. இந்த இரண்டும் சாதாரண ரகத்தில் இல்லை. தனியாகச் சேர்க்கவும் முடியாது. சந்தை சின்னது, ஒன்றிரண்டு ரகங்கள்தான் கப்பலேற்றிக் கொண்டுவர முடியும், எனக்குப் புரிகிறது. ஆனால் உயிர் காக்கும் பொருளைக் கண்ணாடிக் கூரையோடும் பெரிய ரிம்மோடும் ஒரே மூட்டையாகக் கட்டி, அந்த மூட்டைக்கு 'ஹை' என்று பெயர் வைத்து விற்பது சரியில்லை. அமெரிக்காவில் 2018-இலிருந்து பின்பக்கக் கேமரா இல்லாமல் புதுக் கார் விற்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து புதிதாக விற்கும் கார் எல்லாவற்றிலும் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி கட்டாயம். ஒரு பிள்ளை குறுக்கே வந்தால் கார் நிற்க வேண்டும் என்பது எந்த ரகத்தை வாங்கினோம் என்பதைப் பொறுத்து இருக்கக் கூடாது.

கடைசியில் நண்பருக்குப் பதில் எழுதாமல், சனிக்கிழமை அவரோடு காட்சியறைக்கே போனேன். மாமியாரையும் பையனையும் கூட்டிவரச் சொன்னேன். ஓர் அளவுநாடா எடுத்துப் போயிருந்தேன். நம் நிறுத்துமிடத்தில் பக்கத்துக் காருக்கு இடையே கிடைக்கிற அறுபது சென்டிமீட்டர் எவ்வளவு என்று தரையில் அளந்து காட்டி, பின் கதவை அதற்கு மேல் திறக்காமல் அந்த அம்மாவை ஏறி உட்காரச் சொன்னோம். விற்பனைப் பெண் முதலில் ஆச்சரியமாகப் பார்த்தார். அப்புறம் அவரே முழங்காலிட்டு அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா மூன்று கார்களில் ஏறினார். ஒன்றில் கதவின் கீழ்ப்பகுதி அகலமாக இருந்ததால் சேலை உரசியது, பிடிக்கவில்லை என்றார். ஒன்றில் சன்னல் கோடு பின்னால் மேலேறிப் போய், பையனுக்குக் குழந்தை இருக்கையில் இருந்து வெளியே எதுவும் தெரியவில்லை. அவன் அழுதான். நண்பர் ஓட்டுநர் இருக்கையில் கடைசியாகத்தான் உட்கார்ந்தார். எந்த ரகம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அந்தக் கேமராவுக்காக மேல் ரகமே எடுத்தாலும் எடுப்பார். அடுத்த சிஓஇ ஏலத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

போன சனிக்கிழமை அம்மாவைப் பெருமாள் கோயிலிலிருந்து கூட்டிவந்துகொண்டிருந்தேன். பலத்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. நோவீனா தாண்டும்போது உள் கண்ணாடியில் பார்த்தேன். முந்தானை மறுபடி தலையில் இருந்தது. கூரைத் திரை மூடித்தான் இருந்தது.

"வெயிலாம்மா?"

"மழைல ஏதுடா வெயிலு? குளிருது."

துவாரத்தை அவரே மூடிக்கொண்டார்.